இரத்தம் கலந்த மாதிரிகளில் மட்டும் பிசிஆர் நெகட்டிவ் வருவது குறித்து

பிசிஆர் சோதனையில் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கிருமியைக் கண்டறியும் முறை), ஆழமான ஈற்றுப் பைகளிலிருந்து (ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான பள்ளங்கள்) எடுத்த, இரத்தம் கலந்த மாதிரிகளில் மட்டும் ஈறு நோய்க் கிருமியான போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் நெகட்டிவ் என்று வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் கிருமி இல்லை என்று தயவுசெய்து அறிக்கையில் பதிவு செய்யாதீர்கள். பாசிட்டிவ் கன்ட்ரோல் (இக்கிருமியின் டிஎன்ஏ இருப்பது உறுதியான ஒப்பீட்டு மாதிரி) சரியாக வரும் நிலையில், அந்தக் குழாய்களில் மட்டும் வினை தடைபட்டிருக்கவே வாய்ப்பு அதிகம்.

காரணம் பெரும்பாலும் இரத்தம்தான். மாதிரி எடுக்கும் காகிதக் குச்சியான பேப்பர் பாயின்ட் சிவந்து ஊறியிருந்தால், இரத்தத்திலுள்ள ஹீம் (சிவப்பு நிறம் தரும் இரும்புச் சேர்மம்) டிஎன்ஏவுடன் சேர்ந்தே வந்து, டிஎன்ஏவைப் பெருக்கும் நொதியான டாக் பாலிமரேஸை முடக்கிவிடும். நீங்கள் செய்வதுபோல் கொதிக்கவைத்து மட்டும் டிஎன்ஏ பிரிக்கும்போது இது நேர்வது இயல்பு.

1. டிஎன்ஏவை 10 மடங்கு நீர்க்கச் செய்து மீண்டும் ஓட்டுங்கள். ஜெல்லில் பட்டை (டிஎன்ஏ பெருகியதன் அடையாளம்) தோன்றினால், தடுக்கும் பொருள் நீர்த்துப்போனதால் வினை நடந்திருக்கிறது; அதாவது தடைதான் காரணம்.

2. தோன்றாவிட்டால், அதே மாதிரியில் சிறிது பாசிட்டிவ் கன்ட்ரோல் டிஎன்ஏவைக் கலந்து பாருங்கள். அதுவும் பெருகவில்லையென்றால் தடை இன்னும் நீடிக்கிறது. பெருகினால், எல்லா பாக்டீரியாக்களுக்கும் பொதுவான 16எஸ் மரபணுவுக்குரிய பிரைமர்களை (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) கொண்டு டிஎன்ஏ கிடைத்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

தடை உறுதியானால், வடிகுழாய் (column) வழியே டிஎன்ஏவைச் சுத்தமாகப் பிரிக்கும் கிட்டுக்கு மாறுவது நல்லது. அதைவிட முக்கியமாக, ஈற்றுப் பையின் ஆழத்தை புரோப் (அளவுக் கம்பி) கொண்டு அளப்பதற்கு முன்பே, ஈறுக்கு மேலே பல்லில் ஒட்டியுள்ள படிவை நீக்கி, பஞ்சால் உமிழ்நீரை ஒதுக்கி மாதிரியை எடுத்துவிடும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அளந்த பிறகு எடுத்தால் இரத்தத்தைத் தவிர்ப்பது கடினம்.

ஒரு எச்சரிக்கை: பிசிஆர் இறந்த பாக்டீரியாவின் டிஎன்ஏவையும் காட்டும். ஆகவே ஈறு சுத்திகரிப்பு முடிந்த சில நாட்களில் வரும் பாசிட்டிவை, சிகிச்சை தோற்றதற்கான சான்றாகக் கொள்ள இயலாது.