குளம்புக் காளானும் பொந்து வௌவாலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மரச்சிதைவு பற்றிய கட்டுரையில் பீச் (beech, பழம் தரும் peach அல்ல) மரத்துக் குளம்புக் காளானையும் நாக்டியூல் வௌவாலையும் ஒரே பத்தியில் ஒப்பிட்டிருந்தீர்கள். ஒன்று மரத்தைத் தின்கிறது, மற்றது அதில் குடியிருக்கிறது. அதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது? காளான் இருக்கும் மரத்தில் வௌவாலும் இருக்கும் என்று கொள்ளலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில்: கொள்ள முடியாது. வெளியே தெரியும் குளம்பு கனி மாதிரிதான்; பூஞ்சையின் உடல் மரத்துக்குள் இழைகளாகப் பரவிக் கிடக்கிறது. பொந்து வேறெங்கோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

குளம்புக் காளான் (ஃபோமெஸ் ஃபோமென்டேரியஸ்) வெண்சிதைவு வகை. மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸோடு, அதற்கு விறைப்புத் தரும் லிக்னினையும் தின்பதால் மரம் வெளுத்து மெத்தென்றாகிவிடும். மரம் உலர்ந்து ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே போனாலும் அது வளராது, நீர் நிரம்பிக் காற்று புகாவிட்டாலும் வளராது. மெத்தென்ற இடத்தில் மரங்கொத்தி எளிதாகத் துளையிடும். அது விட்டுப்போன பிறகும் சிதைவு நிற்பதில்லை, பொந்து மேல்நோக்கி நீண்டுகொண்டே போகும். நாக்டியூலுக்கு வேண்டியது அந்த மேல்பகுதிதான். கூட்டமாக ஒண்டும்போது வெப்பம் அங்கே தங்கும். புதிதாகக் கொத்திய பொந்தில் அந்த வசதி கிடையாது.

ஆனால் நான் ஒப்பிட்டதற்குக் காரணம் புவியீர்ப்பு. காளானின் துளைகள் எப்போதும் தரையைப் பார்த்தே இருக்கும், வித்துகள் நேராக விழ வேண்டுமே. மரம் சாய்ந்துவிட்டால் அடுத்த அடுக்கு திசை திரும்பி வளரும். அந்தத் திருப்பத்தைக் கண்டால், காளான் மரம் நின்றபோதே முளைத்தது என்று சொல்லிவிடலாம். நாக்டியூல் 19 முதல் 40 கிராம் எடை, 40 செ.மீ. வரை விரியும் நீண்டு குறுகிய சிறகு. அதனால் பொந்திலிருந்து கீழே விழுந்துதான் அது பறக்க வேகம் பிடிக்கும். வாசலுக்குக் கீழே கிளைகள் அடைத்திருந்தால் எவ்வளவு நல்ல பொந்தும் வீண்.

(இன்னொரு வேடிக்கை: பூஞ்சையின் செல்சுவரிலும் இந்த வௌவால் மெல்லும் வண்டின் ஓட்டிலும் இருப்பது கைட்டின் என்ற ஒரே கெட்டிப் பொருள்.)

வௌவால் இருக்கிறதா என்று பார்க்கத் துளைக்குக் கீழே பட்டையில் வழிந்த கருங்கறையைத் தேடுங்கள். உதிர்ந்த எச்சத்தைக் கையுறையோடு நசுக்கினால் பொடியாகி, பூச்சி ஓட்டுத் துணுக்குகள் மின்னும். எலிப்புழுக்கை அப்படிப் பொடியாகாது. கோடையில் சூரியன் மறைவதற்குச் சற்று முன்பே போய் நில்லுங்கள், நாக்டியூல் சீக்கிரம் கிளம்பிவிடும். குளிர்காலத்தில் மட்டும் மரத்தைத் தட்டிப் பார்க்காதீர்கள். உறக்கம் கலைந்தால், வசந்தம் வரை தாங்க வேண்டிய கொழுப்பை அது வீணே எரித்துவிடும்.