வெட்டுக்காயத்துக்குக் கோப்பித்தூள் போடலாமா?

கேள்வி: வரம்பு கட்டேக்கை மண்வெட்டி பட்டு மகனுக்குக் காலில் காயம். மாமி உடனே கோப்பித்தூளை அள்ளி அப்பினா. இரத்தம் நின்றது. ஆனால் இது சரியோ?
– ஒரு தாய், தருமபுரம்

பதில்: தங்கச்சி, மாமியைக் கோவிக்காதேங்கோ. ஆனால் இரத்தத்தை நிறுத்தினது தூள் இல்லை, அவ அழுத்திப் பிடிச்ச கை. வன்னியில் காயங்களுக்கு மருந்து கட்டியே என்ரை தாதி வேலைக்காலம் போனது. கறுத்து இறுகின கோப்பித்தூளைச் சேலைனில் ஊறவைச்சு, துணுக்குத் துணுக்காக எடுக்கேக்கை பிள்ளைகள் துடிச்ச துடிப்பு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

துவைச்ச துணியை மடிச்சு வைச்சு 10 நிமிசம் விடாமல் அழுத்துங்கோ. இடையில் திறந்து பார்க்கவேண்டாம். துணி நனைஞ்சால் எடுக்காமல் மேலே இன்னொன்று. இரத்தம் நின்றபிறகு, கொதிச்சாறின தண்ணியைச் சேறு போகும்வரை ஊற்றிக் கழுவுங்கோ. மஞ்சள், சாம்பல், மண்ணெண்ணெய் ஒன்றும் வேண்டாம்.

மகனை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. கடைசி ஏற்பூசி, அதுதான் டெட்டனஸ் தடுப்பூசி, போட்டு 5 வருசம் தாண்டியிருந்தால் திரும்பப் போடவேணும். காயம் வாய் பிளந்திருந்தால் தையலும் தேவைப்படும். முட்கம்பி, ஆணி குத்தினாலும் போகத்தான் வேணும். துளை சின்னன், ஆழம் பெரிசு. அழுத்தியும் இரத்தம் நிக்காவிட்டால் 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் இலவசம்.

ஆறும்வரை வயல் தண்ணிக்குள் இறங்க விடாதேங்கோ. எலியின்ரை சிறுநீர் கலந்த சேறு காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சலோடு கெண்டைக்காலும் நொந்தால், வயலில் நின்றதை டொக்டரிட்டைச் சொல்லுங்கோ.