பழைய ராலி சைக்கிளைப் புதுப்பிக்கலாமா? வர்ணம் பூசும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என் தந்தை நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்த்தபோது ஓட்டிய ராலி சைக்கிள், பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுப் பின்புறக் கூரையடியில் இருபது ஆண்டுகளாகக் கிடக்கிறது. 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், மூன்று கியர். பின்சக்கரத்தின் நடுவில் ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயரும் 62 என்ற எண்ணும் தெரிகின்றன. சீட்டுக் கம்பம் அசைய மறுக்கிறது. மகன் புதிய சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்கிறான். எனக்கோ இதன் சட்டகத்தைச் சுரண்டி வர்ணம் பூசி ஓட்ட ஆசை. செலவு வீணாகுமா?

பதில்: வீணாகாது என்றே நினைக்கிறேன், ஆனால் அதை உறுதியாகச் சொல்ல வேண்டியது நானோ வர்ணம் பூசுகிறவரோ அல்ல, உங்கள் சட்டகம்தான். இத்தகைய வண்டிகளைக் கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு, முதலில் வர்ணத்துக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மற்றதைப் பார்ப்பதுதான். பளபளவென்று பூசி வந்த சட்டகத்தில் பெடல் அச்சைப் பொருத்தப் போகும்போது குழாய் உள்ளே அரித்துப்போயிருப்பது தெரிந்தால், பூசிய செலவு முழுவதும் போகும். ஆகவே வர்ணத்தைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் குறிப்பிட்ட 62 என்ற எண், அந்தச் சக்கர ஹப் 1962ஆம் ஆண்டில் செய்யப்பட்டது என்பதைக் காட்டுகிறது. ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் தன் ஹப்புகளில் ஆண்டையும், பல சமயம் அதன் அருகில் மாதத்தையும் பொறித்தது. சக்கரம் பின்னாளில் மாற்றப்படவில்லை என்றால் சட்டகமும் ஏறக்குறைய அதே வயதுடையதாகவே இருக்கும். அக்காலத்து ராலி சட்டகம் எஃகுக் குழாய்களை லக் எனப்படும் இணைப்பு உறைகளுக்குள் செருகிப் பித்தளையை உருக்கி ஒட்டியது. எடை மிகுந்ததுதான், முழு வண்டியும் இருபது கிலோவை நெருங்கும். ஆனாலும் எஃகு வளைந்தால் நிமிர்த்தலாம், விரிந்தால் ஒடுக்கலாம், விரிசல் விட்டால் தகுந்த கையில் ஒட்டவும் முடியும். அலுமினியச் சட்டகத்தை அப்படி வளைத்துச் சரிசெய்ய முயல்வது ஆபத்து. உங்கள் வண்டிக்கு இந்த வாய்ப்பு இருப்பதே அது எஃகு என்பதால்தான்.

சோதனையைப் பெடல் அச்சு ஓடும் குறுக்குக் குழாயில் தொடங்குங்கள். பாட்டம் பிராக்கெட் என்று கடைக்காரர்கள் சொல்லும் இடம் அது. சீட்டுக் குழாயின் வாய்வழியாக இறங்கும் மழைநீரும், பினாங்குக் கடற்காற்றில் இரவெல்லாம் குழாய்க்குள் கோத்துக்கொள்ளும் ஈரமும் கடைசியில் வந்து தேங்குவது அங்கேதான். சக்கரங்களையும் பெடல் அச்சையும் கழற்றிவிட்டுச் சட்டகத்தைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு வெள்ளைத் துணியின்மேல் நன்றாக உதறுங்கள். பழுப்புத் தூள் விழுந்தால் அஞ்ச வேண்டியதில்லை. எந்தப் பழைய வண்டியிலும் அது விழும். நகத்தளவு செதில்கள் விழுந்தால் குழாயின் சுவர் மெலிந்துவிட்டது என்று பொருள். பிறகு சீட்டுக் குழாயின் அடிப்பகுதியையும் பின்சக்கரத்துக்குச் செல்லும் இரு கீழ்க்குழாய்களின் அடிப்புறத்தையும் ஒரு சிறு கரண்டியால் தட்டிக் கேளுங்கள். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும்; அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடத்தில் கூர்மையான ஸ்குரூ டிரைவரை அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தச் சட்டகத்துக்குச் செலவு செய்யாதீர்கள். அதைச் சுத்தம் செய்து சுவரில் மாட்டி வைப்பதே உங்கள் தந்தையின் நினைவுக்கும் உங்கள் உடம்புக்கும் நல்லது.

அடுத்துப் பார்க்க வேண்டியது விரிசல். ஹேண்டில் பார் நுழையும் தலைக்குழாயின் பின்புறம், முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் தோள், பின்சக்கர அச்சு உட்காரும் தகடுகள் ஆகிய மூன்று இடங்களிலும் மயிரிழை போன்ற கோடு தெரிகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வர்ணம் மட்டும் வெடித்திருக்கிறதா, எஃகே வெடித்திருக்கிறதா என்பதைப் பிரித்தறியப் பட்டறைகளில் ஒரு பழைய வழி உண்டு. சந்தேகமான இடத்து வர்ணத்தைச் சுரண்டிவிட்டு மண்ணெண்ணெயைத் தடவிச் சில நிமிடம் ஊற விடுங்கள். பிறகு நன்றாகத் துடைத்து உலர்த்தி, அதன்மேல் சாக்குக் கட்டித் தூளைப் பூசிக் காத்திருங்கள். எஃகில் விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் மெல்ல ஊறி வெளியேறி, வெள்ளைத் தூளின்மேல் ஈரக் கோடாகத் தெரியும். தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னே, அதனோடு சேரும் குழாய்களின் அடிப்பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும் புடைப்பு இருந்தால், அந்த வண்டி எப்போதோ முன்பக்கமாக மோதியிருக்கிறது. புடைத்த குழாயை நிமிர்த்தி ஓட்டக்கூடாது.

விரிசலை ஒட்ட வேண்டுமானால் கிரில் கதவு செய்யும் பட்டறையில் கொடுத்துவிடாதீர்கள். அவர்களுடைய மின்சார வெல்டிங் கதவுக்கு உறுதியானது. ஆனால் லக்குக்குள் ஏற்கெனவே பித்தளை இருப்பதால் அந்த இடத்தில் வெல்டிங் பிடிப்பு சரியாக அமையாது. கேஸ் நெருப்பில் பித்தளையால் ஒட்டத் தெரிந்தவரையே தேட வேண்டும்.

சட்டகம் நேராக இருக்கிறதா என்பதை நீங்களே ஒரு நூலால் அறியலாம். பின்தகட்டின் இடப்பக்கத்தில் நூலைக் கட்டி, முன்னே கொண்டுபோய்த் தலைக்குழாயைச் சுற்றி, வலப்பக்கத் தகட்டுக்குக் கொண்டுவந்து இறுக்கிக் கட்டுங்கள். இருபுறமும் நூலுக்கும் சீட்டுக் குழாய்க்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் அளந்து ஒப்பிடுங்கள். வேறுபாடு 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் போனால் அனுபவமுள்ளவரிடம் கொடுத்து நிமிர்த்துங்கள். எஃகு அதற்கு இடம் கொடுக்கும்.

சீட்டுக் கம்பத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பலர் அதற்கு அமோனியா ஊற்றச் சொல்வார்கள். ரப்பர்ப் பால் உறையாமலிருக்கத் தோட்டத்தில் கலப்பார்களே, அதே அமோனியாதான். அது எஃகுக் குழாயில் சிக்கிய அலுமினியக் கம்பத்துக்கு உரிய வழி. உங்கள் கம்பமும் எஃகாகவே இருக்கும்; எஃகும் எஃகும் துருவால் ஒட்டிக்கொண்டதற்கு அமோனியா எதுவும் செய்யாது. துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயை மேலே கம்பத்தைச் சுற்றி விடுவதோடு நிறுத்தாமல், சட்டகத்தைத் தலைகீழாக நிறுத்திப் பெடல் குழாய் வழியாக உள்ளே விட்டு, மூன்று நான்கு நாள் இருபுறமும் மாற்றி மாற்றி ஊற விடுங்கள். பிறகு பழைய சீட்டைக் கம்பத்தில் இறுக்கிப் பூட்டி, அதையே பிடியாகக் கொண்டு இடமும் வலமும் திருப்புங்கள். மேல்நோக்கி இழுப்பதைவிடத் திருப்புவதுதான் துருவின் பிடியை உடைக்கும். சுத்தியலால் அடிக்க வேண்டாம்.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் ஒன்று. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ராலி செய்த பெரும்பாலான வண்டிகளின் பெடல் குழாயில் அங்குலத்துக்கு 26 மரை இருக்கும். மற்ற பிரிட்டிஷ் சைக்கிள்களிலும் இன்று கடைகளில் கிடைக்கும் பாகங்களிலும் இருப்பது 24 மரை. குழாயின் அகலமும் இன்றைய 68 மில்லிமீட்டர் அல்ல. 71 அல்லது 76. அதனால் பால்ரஸ் குண்டுகள் உருளும் கிண்ணமாகிய கப்பைப் புதிதாக வாங்கி வந்து பொருத்தினால் இரண்டு சுற்று ஏறிவிட்டுச் சிக்கிக்கொள்ளும். வலுக்கட்டாயமாகத் திருகினால் சட்டகத்தின் மரையே அழியும். நல்ல நிலையில் இருந்த ஒரு சட்டகம் இப்படி ஒரு கடையில் பாழானதை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிட அவசரத்துக்காக ஐம்பது ஆண்டு வாழ்ந்த பொருள் வீணானதைக் காண மனம் பொறுக்கவில்லை. கழற்றிய இடப்பக்கக் கப்பையும் அச்சையும், தலைக்குழாயின் கப்புகளையும் தனியே ஒரு டப்பாவில் போட்டு வைத்து, எந்தச் சூழ்நிலையிலும் எறியாதீர்கள். வலப்பக்கக் கப்பு இடமரை கொண்டது, அதாவது வலப்புறம் திருப்பினால்தான் கழலும். அதைக் கழற்றத் தேவையே இல்லை. இருந்த இடத்திலேயே மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, உள்ளே குழி விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். பால்ரஸ் மட்டும் புதிதாகப் போடுங்கள்: கால் அங்குல அளவில் பக்கத்துக்கு 11.

பெடல் கையை அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின்னைக் கழற்றுவதிலும் பொறுமை வேண்டும். நட்டை முழுவதும் எடுக்காமல், அதன் மேற்பரப்பு பின்னின் நுனியோடு சமமாக இருக்கும் வரை மட்டும் தளர்த்துங்கள். பெடல் கையின் எதிர்ப்புறத்தில், பின்னின் தலை புகுந்து வரும் அளவு துளையுள்ள இரும்புக் குழாய் ஒன்றைத் தரைவரை முட்டுக் கொடுத்துவிட்டுப் பிறகே அடிக்க வேண்டும். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் பால்ரஸிலும் கப்பிலும் இறங்கிக் குழி விழும். அதற்குப் புதிய கப்பு பொருந்தாது என்பதை மேலே சொன்னேன்.

இவ்வளவும் தேறிய பிறகு வர்ணத்துக்கு வரலாம். அதற்கு முன் ஒரு கேள்வி: பழைய வர்ணம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? பாதிக்கு மேல் இருந்தால் நான் சுரண்ட மாட்டேன். அந்தப் பச்சையும் கறுப்பும் அதன்மேல் ஓடும் பொற்கோடுகளும் தலைக்குழாயின் நாரைச் சின்னமும் போனால் திரும்பி வராதவை. பாசிகல் துவா என்று பழைய சைக்கிள்களைத் தேடிச் சேர்க்கும் மலாய் நண்பர்களும் அசல் வர்ணத்தையே மதிப்பார்கள். மிதமான சோப்பு நீரில் கழுவி, துரு தெரியும் இடங்களை மட்டும் நுண்மையான உப்புத்தாளால் தேய்த்துத் தொட்டுப் பூசி, மேலே கார் மெழுகு போட்டால் போதும். பொற்கோட்டின்மேல் தின்னர் படக்கூடாது. ஒரே துடைப்பில் போய்விடும். குரோம் பாகங்களில் உள்ள இலேசான துருவை, நீரில் நனைத்த அலுமினியத் தாளைச் சுருட்டித் தேய்த்தால் வியப்பூட்டும் அளவுக்கு அகற்றலாம்.

முழுவதும் பூசியே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால், வர்ணத்தூளைப் படியவைத்துச் சூட்டில் உருக்கும் பவுடர் கோட்டிங் நம் ஊர் மழைக்கும் கடற்காற்றுக்கும் நன்றாகத் தாங்கும். சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது வேகும். பித்தளை ஒட்டுக்கு அதனால் கேடில்லை. தடிமனாகப் படிவதால் லக்குகளின் கூர்மையான விளிம்பு சற்று மங்கும் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பெடல் குழாயின் மரை, தலைக்குழாயின் இரு வாய்கள், சீட்டுக் குழாயின் உட்புறம், பின்தகடுகளின் முகம் ஆகியவற்றை மறைத்துவிட்டுப் பூசும்படி எழுதியே கொடுங்கள். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்த எஃகு நம் ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மீண்டும் துருப்பிடிக்கும். ஆகவே அன்றைக்கே பிரைமர் ஏற வேண்டும். மாலையில் பீய்ச்சி மறுநாள் பூசுகிறேன் என்று சொல்லும் பட்டறையைத் தவிர்த்துவிடுங்கள். வீட்டிலேயே சுரண்டுவதாக இருந்தால், 1960களின் வர்ணத்தில் ஈயம் இருக்க வாய்ப்புள்ளதால் உலர்ந்த நிலையில் தேய்க்காமல் நீர் விட்டுத் தேய்த்து, பேரப்பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே பூசுவதைவிட உள்ளே பூசுவதே உங்கள் சட்டகத்தின் ஆயுளைக் கூட்டும். கார் கதவுகளுக்குள் அடிக்கும் மெழுகு வகைத் துருத்தடுப்பு ஸ்பிரேயை எல்லாக் குழாய்க்குள்ளும் அடித்துச் சட்டகத்தைப் பல பக்கம் திருப்பி ஓட விடுங்கள். சிலர் ஆளி விதை எண்ணெய் ஊற்றுவார்கள், அதுவும் நல்லதே. ஆனால் அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டோ நீரில் நனைத்தோதான் எறிய வேண்டும்.

டயர் வாங்கும்போது 28 என்ற எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். 28 அங்குலம் என்ற பெயரில் வெவ்வேறு அளவுகள் உண்டு. உங்கள் ரிம்முக்கு வேண்டியது 28க்கு ஒன்றரை. டயரின் ஓரத்தில் 635 என்ற எண் இருக்க வேண்டும். 622 என்று எழுதியிருந்தால் அது இன்றைய சைக்கிள்களின் டயர். உங்கள் ரிம்மில் ஏறாது. இந்தியாவிலும் சீனாவிலும் இவ்வகை வண்டி இன்னும் செய்யப்படுவதால் டயர், டியூப், பிரேக் கட்டை ஆகியவற்றுக்குத் தட்டுப்பாடு இராது. அசல் பாகங்களுக்கு, ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் ஒரு காலை நேரம் செலவிடுங்கள்.

கம்பி பிரேக்கைப் பற்றி உங்கள் மகனின் கவலை நியாயமானது. குரோம் பூசிய எஃகு ரிம்மில் மழைநீர் பட்டால் பிரேக் பாதிக்கு மேல் செயலிழக்கும். நம் மாலை மழையில் பட்டர்வொர்த் நெரிசலில் இது விளையாட்டல்ல. மழையில் ஓட்டுவதில்லை என்று முடிவு செய்யுங்கள். அல்லது முன்சக்கரத்துக்கு டிரம் பிரேக் உள்ள ஹப்பைப் போட்டு ஸ்போக்குகளைப் புதிதாகப் பின்னுங்கள். ஸ்டர்மி ஆர்ச்சர் பெயரில் இப்போது தைவானிலிருந்து அது வருகிறது. உங்கள் போர்க்கின் இடைவெளி ஏறக்குறைய 90 மில்லிமீட்டர். இக்கால ஹப்புக்கு 100 வேண்டும் என்பதால் போர்க்கைச் சற்று விரிக்க நேரும்.

உங்கள் பின் ஹப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். அதன் மேலுள்ள சிறு மூடியைத் திறந்து மெல்லிய மோட்டார் எண்ணெயை ஒரு தேக்கரண்டி விட்டு, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். பிறகு கியரை இரண்டாவதில் வைத்து, வலப்பக்க நட்டின் துளைவழியே பாருங்கள். சங்கிலி போன்ற சிறு கம்பி சேரும் தண்டின் தோள், அச்சின் முனையோடு ஒரே மட்டத்தில் இருக்கும்படி கேபிளைத் திருகி அமையுங்கள். இது தவறினால் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே பெடல் திடீரென்று வெறுமையாகச் சுற்றும். எழுந்து நின்று மிதிப்பவர் விழுந்துவிடுவார். மிதிக்கக் கனமாக இருந்தால் பின் பல்சக்கரத்தை 18 பல்லிலிருந்து 22க்கு மாற்றுங்கள்; ஒரு வளைய கிளிப்பைக் கழற்றினால் அது வந்துவிடும், செயினில் மட்டும் ஓரிரு கண்ணி கூட்ட வேண்டியிருக்கும்.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகு முதல் 50 கிலோமீட்டருக்குள் காட்டர் பின்கள் சற்று உள்ளே இறங்கித் தளரும். ஒவ்வொரு சவாரி முடிந்ததும் பெடல் கைகளை ஆட்டிப் பார்த்து, நட்டைக் கால் சுற்று இறுக்கிக்கொள்ளுங்கள்.