ஜெபத்தில் தூங்கிவிடும் ராணிப்பேட்டைத் தம்பிக்கு

தம்பி, தோல் கம்பெனியில் செகண்ட் ஷிப்ட் முடித்து நடுராத்திரி வீட்டுக்கு வந்து, நாலு மணி ஜெபத்தில் முட்டி போட்டபடியே தூங்கிடறேன், குரூப் 4 பரீட்சை ரெண்டு தடவை போச்சு, கர்த்தர் கைவிட்டாரான்னு கேட்டிருக்கீங்க. கைவிடலை, தூக்கம் பத்தலை, அவ்வளவுதான். பைபிளில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்குக் கீழே சாகணும்னு படுத்தப்போ தூதன் கொடுத்தது அடையும் தண்ணியும், பிரசங்கம் இல்லை.

ஆம்பூரில் ஷூ அப்பர் தைத்த காலத்தில் எனக்கும் இதே பாடுதான். நாலு மணியை ஆறாக்கினேன். மொட்டை மாடியில் நின்னுகிட்டே பைபிளில் ஒரு சங்கீதம், பத்து நிமிஷம். (நம்ம வேலூர்ப் பக்கம் காத்து வர்றதே அந்த நேரம்தான்.) மீதி ஜெபம் பஸ்ஸில், கம்பியைப் பிடிச்சபடி.

ஆனா படிப்போட பொறுப்பை ஜெபத்து மேல போடாதீங்க. குரூப் 4இல் 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் வரலைன்னா மத்ததைத் திருத்தவே மாட்டாங்க. தினம் ஒரு மணி நேரம் அதுக்கே.

டாக்டர் ஐடா ஸ்கடர் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை 1900இல் ஒரே கட்டிலோட ஆரம்பிச்சாங்க. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல்தான் வந்தது. நீங்க ரெண்டு தடவைக்கே சோர்ந்துட்டீங்க!

ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் நல்லா தூங்குங்க. தமிழில் எத்தனை மார்க் வந்ததுன்னு எழுதுங்க, பார்ப்போம்.