வாசக்டமிக்குப் பிறகு மனம் மாறினால்?

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டு குழந்தைகளும் சிசேரியனில் பிறந்தவர்கள். மனைவிக்கு இன்னோர் அறுவை சிகிச்சை வேண்டாம் என்பதால், நானே வாசக்டமி எனும் ஆண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சையைச் செய்துகொள்ள நினைக்கிறேன். பின்னால் தேவைப்பட்டால், வெட்டிய விந்துக்குழாயை மீண்டும் இணைத்துக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். ஆண்களுக்குத் தற்காலிக ஊசி வந்துவிட்டதாகவும் படித்தேன். எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், திருப்பூர்.

பதில்: 2019–21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டதாகச் சொன்னவர்களோ 0.3 சதவீதம்தான். இத்தனைக்கும் ஆணுக்கான சிகிச்சையே எளியது. விரைப்பையில் மரத்துப்போகும் ஊசி போட்டு, கத்தி வைக்காமல் சிறு துளையிட்டு, விந்துக்குழாயை வெளியே எடுத்து வெட்டிக் கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் தையல்கூடத் தேவைப்படாது. ஆண்மையோ உடல் வலுவோ குறையாது.

ஆனால், நண்பரின் பேச்சை நம்பி முடிவெடுக்காதீர்கள். இணைப்பு அறுவை சிகிச்சை உண்டு என்பது உண்மைதான், பலன் உறுதியில்லை. அமெரிக்காவில் 1991இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், கருத்தடை செய்து மூன்று ஆண்டுகளுக்குள் இணைத்துக்கொண்டவர்களில் 97 சதவீதத்தினருக்கு விந்தணு திரும்பியது. கர்ப்பம் தரித்ததோ 76 சதவீதத் தம்பதியர்தான். பதினைந்து ஆண்டுகள் கடந்தவர்களுக்கு இவை 71, 30 எனச் சரிந்தன. அடைபட்ட குழாயில் ஏறும் அழுத்தத்தால் விரையை ஒட்டிய நுண்குழல்களில் புதிய அடைப்பு உண்டாகலாம். சிலரது உடல் தன் விந்தணுவுக்கு எதிராகவே எதிர்ப்பணுக்களை உருவாக்கிவிடும். நுண்ணோக்கி வைத்துச் செய்ய வேண்டிய இந்தச் சிகிச்சையில் தேர்ந்தவர்களும் குறைவு. விந்தணுவை முன்பே உறையவைத்துச் சேமிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அதைக் கொண்டு சோதனைக்குழாய் முறையில் கருத்தரிப்பதானால், ஹார்மோன் ஊசிகளையும் கருமுட்டை எடுக்கும் சிகிச்சையையும் தாங்க வேண்டியவர், நீங்கள் எவரைக் காக்க நினைக்கிறீர்களோ அந்த மனைவியேதான்.

நீங்கள் படித்த ஊசி, கரக்பூர் ஐஐடி பேராசிரியர் சுஜாய் குஹா உருவாக்கிய ‘ரிசக்’ ஆக இருக்கக்கூடும். 303 ஆண்களிடம் நடந்த சோதனையின் நல்ல முடிவுகள் 2023இல் வெளியாயின. எனினும், அதன் விளைவை மாற்றிவிட முடியும் என்பது விலங்குகளில் காட்டப்பட்டதே தவிர, மனிதர்களில் இன்னும் நிறுவப்படவில்லை. தோளில் தடவும் ஹார்மோன் ஜெல்லும் ஆய்வு நிலையைத் தாண்டவில்லை.

ஆக, ஓர் ஆணின் கையில் இன்று இருப்பவை ஆணுறையும் வாசக்டமியும்தான். வழக்கமான பயன்பாட்டில், ஆணுறையை மட்டும் நம்பும் நூறு தம்பதியரில் சுமார் 13 பேர் ஓராண்டுக்குள் கருத்தரிக்கிறார்கள். ‘பின்னால் இணைக்க முடியுமா’ என்ற கேள்வி உங்களுக்குள் இருக்கும்வரை, வாசக்டமியைத் தள்ளிவைப்பதே சரி என்பது என் கருத்து. அதுவரை ஆணுறையைத் தவறாமல் பயன்படுத்துங்கள். மனைவிக்குச் சம்மதமானால் அறுவை சிகிச்சையின்றிப் பொருத்தக்கூடிய, வேண்டும்போது எடுத்துவிடக்கூடிய காப்பர்-டியும் உண்டு. இருவரும் பேசி, எந்த நிலையிலும் இன்னொரு குழந்தை வேண்டாம் என்று உறுதியானால், தயங்காமல் வாசக்டமி செய்துகொள்ளுங்கள். ஆனால், செய்த அன்றே பாதுகாப்பு கிடைத்துவிடாது; குழாயில் எஞ்சிய விந்தணுக்கள் வெளியேற வேண்டும். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, அணு இல்லை என்ற முடிவைக் கையில் வாங்கும்வரை ஆணுறையை விடாதீர்கள்.