யெல்லோஸ்டோன் நிலநடுக்கங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே அச்சத்தைச் சுமந்து வந்திருக்கின்றன: அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவுக்கு அடியில் உள்ள பெரும் எரிமலை வெடிக்கப் போகிறதோ என்பதே அது. ஒரே பதிலில் தீர்ந்துவிடக் கூடிய கடிதங்களைச் சேர்த்துவிட்டேன். எந்த நிலநடுக்க நிலையம், எந்த நாள் என்று குறிப்பிடாமல் அலைவரைபின் (நிலையத்தின் கருவி அதிர்வுகளை எழுதிய கோட்டின்) படத்தை மட்டும் அனுப்பியவர்களில் ஒருவருக்குக் கீழே பதில் இருக்கிறது. மற்றவர்களும் அதையே தங்களுக்கான பதிலாகக் கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி: ஒரே வாரத்தில் யெல்லோஸ்டோனில் நூற்றுக்கும் மேற்பட்ட நிலநடுக்கங்கள் பதிவாகியிருப்பதைப் பட்டியலில் பார்த்தேன். இது வெடிப்பின் முன்னறிகுறியா? (மதுரை)

இல்லை. அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 1,500 முதல் 2,500 நிலநடுக்கங்கள் இடங்காணப்படுகின்றன. அவற்றில் ஏறத்தாழப் பாதி, கூட்டமாக வந்து கூட்டமாக அடங்கும் திரள்களைச் சேர்ந்தவை. 1985 அக்டோபரில் எரிமலைப் பெருவாயின் (பழைய பெருவெடிப்பில் தரை உள்வாங்கிய பெரும்பள்ளத்தின்) வடமேற்கு விளிம்பில் தொடங்கிய திரளில் மூன்று மாதங்களில் 3,000க்கு மேல் பதிவாயின. 2010 தொடக்கத்தில் மேடிசன் பீடபூமியில் 2,000க்கு மேல். 2017 ஜூனில் தொடங்கிய மேப்பிள் கிரீக் திரளில் மூன்று மாதங்களில் சுமார் 2,400, அதில் மிகப் பெரியது 4.4. இவற்றில் ஒன்றின் பின்னாலும் கற்குழம்பு மேலே வரவில்லை. பாறைப் பிளவுகளுக்குள் வெந்நீரும் வாயுவும் நகர்வதும், பழைய பிளவுகள் சற்றே வழுக்குவதுமே இத்திரள்களுக்குப் பெரும்பாலும் காரணம். எண்ணிக்கையை மட்டும் பார்த்து அஞ்சவும் வேண்டாம், எண்ணிக்கை குறைந்தது என்று நிம்மதி அடையவும் வேண்டாம். நில உயர்வு, வாயு, வெப்பம், நிலநடுக்கம் ஆகிய நான்கும் ஒருங்கே வாரக்கணக்கில் மாறினால்தான் அறிவியலாளர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கேள்வி: ஒரு நிலநடுக்கத்தின் ஆழம் மைனஸ் 1.3 கி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். நிலநடுக்கம் ஆகாயத்திலா நடந்தது? (ஈரோடு)

ஆழம் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. யெல்லோஸ்டோன் பீடபூமியோ கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே மைனஸ் 1.3 என்பது தரைக்குக் கீழே ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழம். பட்டியலில் உள்ள எண்களில் ஆழமே மிகவும் நம்பகம் குறைந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். அருகில் நிலையம் இல்லாத இடத்தில் அது இரண்டு மூன்று கிலோமீட்டர் பிசகுவது இயல்பு.

கேள்வி: நிலநடுக்கத்தின் அளவும் மைனஸில் வருமா? (காரைக்குடி)

வரும். அது மடக்கை அளவு, ஒவ்வொரு படிக்கும் அலையின் வீச்சு பத்து மடங்கு கூடும் அல்லது குறையும். பூஜ்யம் என்பது அதில் ஒரு படி மட்டுமே, அடித்தளம் அல்ல.

கேள்வி: அளவு 2, அளவு 4. இரண்டாவது முதலாவதைப் போல் இரு மடங்குதானே? (நாகர்கோவில்)

இல்லை. அலையின் வீச்சு நூறு மடங்கு, வெளிப்படும் ஆற்றல் சுமார் ஆயிரம் மடங்கு.

கேள்வி: இத்துடன் இணைத்துள்ள படத்தைப் பாருங்கள். கோடுகள் எல்லாம் கறுப்பாகத் தடித்துவிட்டன. ஹார்மோனிக் ட்ரெமர் (கற்குழம்பு நகரும்போது எழும் தொடர் அதிர்வு) தொடங்கிவிட்டது என்று செய்தி வந்துள்ளது. என் மகன் சால்ட் லேக் சிட்டியில் படிக்கிறான். அவனை உடனே திரும்பி வரச் சொல்லவா? (திருச்சி)

அம்மா, மகனைப் படிக்க விடுங்கள். அவன் இருப்பது அங்கிருந்து 400 கி.மீ.க்கும் அப்பால். படத்திலும் அவனை அழைக்கும்படியாக எதுவும் இல்லை. உங்கள் மீது எனக்குக் கோபமில்லை. இந்தப் படத்தை வெட்டி, நிலையத்தின் பெயரையும் நாளையும் நேரக் கோட்டையும் நீக்கிவிட்டு உங்களுக்கு அனுப்பியவர் மீதுதான் எனக்குத் தீராத வருத்தம். அவர் ஓர் அலைவரைபை அனுப்பவில்லை, ஒரு கறுப்புப் பட்டையை அனுப்பியிருக்கிறார்.

இருபது ஆண்டுகளாக இந்த வரைபுகளைப் பார்த்து வருபவன் என்ற முறையில், ஒரு வரைபைக் கறுப்பாக்கக் கூடியவற்றைச் சொல்கிறேன். முதலில் காற்று. நிலையங்கள் பல குன்றுகளின் மேலும் மரங்களிடையிலும் நிற்கின்றன. மரம் ஆடும்போது வேர் ஆடுகிறது, வேரோடு மண்ணும் அதிர்கிறது. அந்த அதிர்வு சட்டென்று தொடங்காது, மெல்லத் தடித்து மெல்ல இளைக்கும். இரண்டாவது, ஏரி. யெல்லோஸ்டோன் ஏரி உறைவதற்கு முந்தைய வாரங்களில் பெருங்காற்று எழுப்பும் அலைகள் கரையோர நிலையத்தை மணிக்கணக்கில் அதிரச் செய்யும். மூன்றாவது, சாலையில் செல்லும் வண்டிகள். நான்காவது, கருவியின் கோளாறு: சூரியத் தகடுகளைப் பனி மூடி, மின்கலம் தளர்ந்து, கருவி தன் இரைச்சலையே எழுதத் தொடங்கும் நாட்கள் குளிர்காலத்தில் உண்டு. ஐந்தாவது, வரைபின் பெருக்கம். ஒரே அதிர்வை ஐந்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் படத்தையும் பெரிதாக்காத படத்தையும் அருகருகே வைத்து, முந்தைய நாளைவிட நிலைமை மோசமாகிவிட்டது என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆறாவதை நம் ஆர்வலர்கள் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். உலகின் வேறொரு மூலையில் நிகழ்ந்த பெரிய நிலநடுக்கத்தின் அலைகள் அங்கும் வந்து சேரும். அப்போது எல்லா நிலையங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், நீண்ட மெதுவான அலைகளாக எழுதும். 2002 நவம்பர் 3 அன்று அலாஸ்காவின் டெனாலி பிளவில் 7.9 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டபோது, சுமார் 3,000 கி.மீ. தொலைவிலிருந்த யெல்லோஸ்டோனில் அந்த அலைகள் கடந்து சென்றதுமே இருநூறுக்கும் மேற்பட்ட சிறு நிலநடுக்கங்கள் தூண்டப்பட்டன, சில வெந்நீர் ஊற்றுகளின் போக்கும் மாறியது. அதற்குப் பின்னும் எரிமலை அமைதியாகவே இருந்தது.

உண்மையான ஹார்மோனிக் ட்ரெமர் வெறும் தடித்த கோடு அல்ல. குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணும் அதன் மடங்குகளும் அலைமாலையில் (அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் படத்தில்) சீரான பட்டைகளாகத் தெரிய வேண்டும், அவை பல நிலையங்களில் தெரிய வேண்டும். தடித்த கோட்டைக் கண்டு இந்தப் பெயரைச் சொல்பவர் அலைமாலையைப் பார்த்தாரா என்று ஒருமுறை கேளுங்கள்.

நானும் தொடக்க ஆண்டுகளில் இதே தவற்றைச் செய்தவன். ஒரு முன்பனிக்காலம் முழுவதும் ஏரிக்கரை நிலையத்தின் இரவு அதிர்வுகளை ட்ரெமர் என்று குறிப்பேட்டில் எழுதி வந்தேன். பிறகு அதே இரவுகளின் காற்று வேகத்தை எடுத்து ஒப்பிட்டபோது, நான் எழுதியிருந்தது ஒரு மாதக் காற்றின் வரலாறு என்று தெரிந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: இரண்டாவது நிலையத்தைப் பார்க்காமல் எதையும் எழுதுவதில்லை. யூட்டா பல்கலைக்கழகம் நடத்தும் அந்த வலையமைப்பில் 40க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன, வரைபுகள் எவரும் பார்க்கத் திறந்திருக்கின்றன. அவ்வளவு கதவுகள் திறந்திருக்க, ஒற்றைச் சாவித்துவாரம் வழியாகப் பார்த்துவிட்டு ஒரு தாயின் தூக்கத்தைக் கெடுப்பதை நான் மன்னிக்க மாட்டேன்.

கேள்வி: நள்ளிரவு 2 மணிக்கு நடந்ததாகச் சொல்லப்படும் நிலநடுக்கம் பட்டியலில் அந்த நேரத்தில் இல்லை. ஏன்? (சேலம்)

எந்த நள்ளிரவு? உங்களுடையதா, அவர்களுடையதா, உலகப் பொது நேரத்தின் நள்ளிரவா? நாம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால், யெல்லோஸ்டோன் குளிர்காலத்தில் ஏழு மணி நேரமும் கோடையில் ஆறு மணி நேரமும் பின்னால். நேரத்தை எழுதும்போது அது எந்த நேரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இதைச் சென்ற முறையும் சொன்னேன், அதற்கு முந்தைய முறையும் சொன்னேன்.

கேள்வி: முதலில் 4.1 என்று வந்தது, இரண்டு மணி நேரத்தில் 3.7 ஆகிவிட்டது. வேறு இரண்டு நிலநடுக்கங்கள் பட்டியலிலிருந்தே காணாமல் போயின. உண்மையை மறைக்கிறார்களா? (வேலூர்)

மறைக்க நினைப்பவர்கள் முதலில் வெளியிட்டிருக்கவே மாட்டார்கள். முதலில் வருவது கணினி தானாகப் போட்ட கணக்கு. பிறகு ஓர் ஆய்வாளர் ஒவ்வொரு நிலையத்திலும் முதன்மை அலை, அதாவது நிலநடுக்கத்திலிருந்து முதலில் வந்து சேரும் அலை, வந்த கணத்தைக் கண்ணால் பார்த்துத் திருத்துகிறார். காற்றையோ தொலைதூர நிலநடுக்கத்தின் அலையையோ கணினி உள்ளூர் நிலநடுக்கமாக எண்ணியிருந்தால் அந்தப் பதிவு நீக்கப்படும். சில நொடி இடைவெளியில் வந்த இரண்டை ஒன்றாக எண்ணியிருந்தால் பிரிக்கப்படும். திரள் நடக்கும் நாட்களில் இத்தகைய திருத்தங்கள் அதிகமாகவே இருக்கும், பட்டியல் நிறைவடைய வாரங்களும் ஆகலாம். உங்கள் குறிப்பேட்டில் முதல் அளவையும் திருத்திய அளவையும் தனித்தனிப் பத்தியில் எழுதி வாருங்கள், ஓராண்டில் உங்களுக்கே விளங்கிவிடும்.

கேள்வி: 6 லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வெடிக்கும் எரிமலை 6.4 லட்சம் ஆண்டுகளாக வெடிக்கவில்லை என்றால், கெடு தாண்டிவிட்டது என்றுதானே பொருள்? (சென்னை)

கெடு என்று ஒன்று இருந்தால்தானே தாண்டுவதற்கு? பெருவெடிப்புகள் மூன்று: 21 லட்சம் ஆண்டுகளுக்கு முன், 13 லட்சம் ஆண்டுகளுக்கு முன், 6.4 லட்சம் ஆண்டுகளுக்கு முன். மூன்று வெடிப்புகளுக்கு இடையே இடைவெளிகள் இரண்டுதான். ஒன்று 8 லட்சம், மற்றொன்று 6.6 லட்சம். இரண்டு எண்களை வைத்துச் சராசரி காண்பதே பிழை. பிடிவாதமாகக் கண்டாலும் 7.3 லட்சம் வருகிறது, அதன்படி இன்னும் 90,000 ஆண்டுகள் மீதமிருக்கின்றன. எரிமலைகள் நாட்காட்டி பார்த்து வெடிப்பதில்லை. வெடிக்கக் கூடிய நிலையில் போதுமான கற்குழம்பு வேண்டும். 2022இல் வெளிவந்த ஆய்வின்படி நிலத்தடியின் மேல்நிலைக் கற்குழம்புத் தேக்கத்தில் உருகிய நிலையில் இருப்பது 16 முதல் 20 விழுக்காடு, மற்றது திடப் பாறை. கடைசியாக அங்கே எரிமலைக் குழம்பு வழிந்ததே 70,000 ஆண்டுகளுக்கு முன்.

கேள்வி: ராஸ்பெர்ரி ஷேக் என்ற வீட்டு நிலநடுக்கக் கருவியை வாங்கி மொட்டை மாடியில் வைத்திருக்கிறேன். யெல்லோஸ்டோனின் நிலநடுக்கங்கள் அதில் தெரியவில்லை. கருவி பழுதா? (சென்னை, அம்பத்தூர்)

கருவி பழுதில்லை. சென்னையிலிருந்து யெல்லோஸ்டோன் சுமார் 13,500 கி.மீ., பூமியின் மையத்தில் அளக்கும் கோணத்தில் 120 பாகைக்கும் மேல். 104 முதல் 140 பாகை வரையுள்ள வளையம் நேரடி முதன்மை அலைகள் எட்டாத நிழல் மண்டலம், பூமியின் மையக்கரு அவற்றை வளைத்துவிடுகிறது. அங்கே 7 அளவில் ஒன்று நடந்தால்கூட உங்களுக்குக் கிடைப்பது சுற்றிவந்த அலைகளின் மங்கலான எச்சமே. அவற்றையும் உங்கள் கருவியிலுள்ள 4.5 ஹெர்ட்ஸ் உணரி சரியாகப் பிடிக்காது. மூன்றும் நான்கும் அளவுள்ளவை பற்றிப் பேசவே வேண்டாம். உங்கள் கருவிக்கேற்ற களம் அந்தமானும் சுமத்ராவும். முதலில் அதை மொட்டை மாடியிலிருந்து இறக்குங்கள். கட்டடம் காற்றில் அசைவதையும் தண்ணீர்த் தொட்டி நிரம்புவதையும் பதிவு செய்ய இவ்வளவு விலையுள்ள கருவி தேவையில்லை. தரைத்தளத்தில், சிமென்ட் தரையின் மூலையில், மோட்டாருக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் எட்ட வையுங்கள்.

கேள்வி: நிலநடுக்கத்தை முன்கூட்டியே உணர்ந்து காட்டெருமைகள் யெல்லோஸ்டோனை விட்டு ஓடிய காணொளி உண்மையா? (கரூர்)

2014 மார்ச் 30 அன்று நோரிஸ் அருகே 4.8 அளவு நிலநடுக்கம் நடந்த நாட்களில் பரவிய காணொளி அது. மாடுகள் ஓடியது உண்மை, வெளியேறியது பொய். அவை பூங்காவுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தன என்று அலுவலர்கள் அப்போதே விளக்கிவிட்டார்கள்.

கேள்வி: நமக்கு அருகில் இத்தகைய எரிமலை உண்டா? (தூத்துக்குடி)

சுமத்ராவின் தோபா. சென்னையிலிருந்து சுமார் 2,350 கி.மீ. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தபோது விழுந்த சாம்பல் ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் இன்றும் அடுக்காகக் கிடக்கிறது.

கேள்வி: பெருவெடிப்புக்கு அஞ்ச வேண்டாம் என்றால், அங்கே எதற்குத்தான் அஞ்ச வேண்டும்? (பாளையங்கோட்டை)

இவ்வளவு கடிதங்களில் இந்த ஒன்றைத்தான் நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். நிலநடுக்கத்துக்கே அஞ்ச வேண்டும். 1959 ஆகஸ்ட் 17 இரவு, பூங்காவின் மேற்கு எல்லைக்கு அருகே ஹெப்கன் ஏரிப் பகுதியில் 7.3 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. மேடிசன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு மலைச்சரிவு மொத்தமாக இடிந்து, முகாமிட்டு உறங்கியவர்கள் மீது விழுந்து ஆற்றையே அடைத்தது. 28 பேர் இறந்தார்கள். அடைபட்ட ஆறு ஏரியாயிற்று, அது இன்றும் நிலநடுக்க ஏரி என்ற பெயரோடு இருக்கிறது. 1975இல் நோரிஸ் அருகே 6.1. எரிமலை வெடிக்குமா என்று வரைபைப் பார்ப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்க, அந்தப் பிளவுகளைப் பற்றிக் கேட்பவர் ஆண்டுக்கு ஒருவர் இருவர்தான்.

அடுத்தது வெந்நீர் வெடிப்பு. தரைக்குக் கீழே அடைபட்ட கொதிநீர் அழுத்தம் தளர்ந்ததும் நீராவியாகிப் பாறையோடு சிதறும். 2024 ஜூலை 23 அன்று பூங்காவின் பிஸ்கட் பேசினில் பார்வையாளர்கள் நடைபாதையில் நின்றிருக்கும்போதே அப்படி ஒன்று நிகழ்ந்தது. ஒருவருக்கும் காயமில்லை. அதற்கு முன்னறிவிப்பாக எந்த நிலநடுக்க நிலையமும் எதையும் எழுதவில்லை.

கேள்வி: ஒரு வரைபை வைத்து நிலநடுக்கம் எவ்வளவு தொலைவில் நடந்தது என்று கணக்கிட முடியுமா? (கும்பகோணம்)

முடியும். முதன்மை அலைக்கும் அதைவிட மெதுவாகப் பின்னால் வரும் இரண்டாம் அலைக்கும் இடையிலான நொடிகளை எட்டால் பெருக்குங்கள். மூன்று நொடி என்றால் சுமார் 25 கி.மீ. உள்ளூர் நிலநடுக்கங்களுக்கு இந்தக் கணக்கே போதும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அப்பால் நடந்தவற்றுக்குப் பொருந்தாது. கிடைப்பது தொலைவு மட்டுமே, திசை அல்ல. ஆகவே அந்த நிலையத்தை மையமாக வைத்து வட்டம் வரையுங்கள், இரண்டாவது நிலையத்துக்கு ஒன்று, மூன்றாவதற்கு ஒன்று. மூன்றும் வெட்டும் இடம் கிடைத்த பிறகு, நேரம் எந்த நேரம் என்பதையும் எழுதி எனக்கு அனுப்புங்கள்.