வந்த ரீடிங்கும் வர வேண்டிய ரீடிங்கும்

அன்புள்ள ஐயா,

நான் இயற்பியல் முதலாண்டு மாணவன். போன மாதம் லேப்பில் தனி ஊசல் பரிசோதனை செய்தோம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும். எங்கள் குழுவுக்கு 10.9 வந்தது. மற்ற மூவரும் 9.8-லிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, நேரங்களை மாற்றி ரெக்கார்டில் எழுதிக்கொண்டார்கள். நான் வந்ததையே எழுதினேன். அவர்களுக்கு முழு மதிப்பெண், எனக்குப் பாதி. வகுப்பில் இப்போது என் பெயர் அரிச்சந்திரன். ஆனால் அந்த மூவரில் ஒருவன் வகுப்புக்கு வராத நாட்களில் நான் பல முறை ப்ராக்ஸி கொடுத்திருக்கிறேன், அதாவது அவன் பெயரைக் கூப்பிடும்போது அவனுக்குப் பதிலாகக் குரல் கொடுத்திருக்கிறேன். "அப்போ எங்கே போச்சு உன் நேர்மை?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கல்லூரியில் சேரும்போது நடத்தை விதிகள் என்று எட்டுப் பக்கங்களில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் இதற்கெல்லாம் விடை இல்லை. ஒரு மாணவன் எப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

முதலில் உங்கள் 10.9 பற்றிப் பேசிவிடுவோம். கடிதத்தைப் படித்ததும் என் மனம் அதில்தான் போய் நின்றது.

ஸ்டாப்வாட்சை அழுத்திய அந்த நொடியிலேயே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கினீர்களா? 'பூஜ்யம்' என்றுதான் தொடங்க வேண்டும். ஒன்றில் தொடங்கி இருபதில் நிறுத்தினால் ஊசல் உண்மையில் 19 முறைதான் ஆடியிருக்கும். அந்த நேரத்தை 20-ஆல் வகுத்தால் ஓர் அலைவுக்கான நேரம் குறைந்துவிடும். முடுக்கத்தைக் கணக்கிடும்போது அந்த நேரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறோம் இல்லையா, அதனால் பிழை இரட்டிப்பாகும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 9.8 வர வேண்டிய இடத்தில் 10.86 வருகிறது. கிட்டத்தட்ட உங்கள் எண். காரணம் வேறாகவும் இருக்கலாம், மறுபடி செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

உங்கள் விடை தவறுதான். ஆனால் எங்கே தவறினீர்கள் என்பதும் அதற்குள்ளேயே இருந்தது. உங்கள் நண்பர்கள் அழித்தது அதைத்தான். அவர்கள் அடுத்த முறையும் ஒன்றிலிருந்துதான் எண்ணுவார்கள்.

இது மாணவர்களிடம் மட்டும் இருக்கும் பழக்கம் என்று எண்ண வேண்டாம். 1974-ல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் இதைப் பற்றித்தான் பேசினார். எண்ணெய்த் துளிகளை வைத்து எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்தவர் மில்லிகன். காற்றின் பாகுநிலைக்கு, அதாவது விழும் துளியைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு, அவர் எடுத்துக்கொண்ட மதிப்பு சற்றுப் பிசகியிருந்ததால் அவருடைய விடை கொஞ்சம் குறைவாக வந்தது. பின்னால் அளந்தவர்கள் உடனே சரியான எண்ணைச் சொல்லவில்லை. ஒருவர் சற்று அதிகம் சொன்னார், அடுத்தவர் இன்னும் சற்று அதிகம், இப்படி மெல்ல மெல்லத்தான் ஏறியது. ஏன்? மில்லிகனின் எண்ணைவிட ரொம்ப அதிகமாக வந்தால், எங்கே தப்பு செய்தோம் என்று தேடினார்கள். அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அவ்வளவாகத் தேடவில்லை. இதைச் சொல்லிவிட்டு ஃபெயின்மன், நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது, ஏமாற்றுவதற்கு மிக எளிதான ஆள் நாம்தான் என்றார். பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே போகும் பிள்ளைகளுக்கு இதைவிட வேண்டிய பேச்சு இல்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் ஆசிரியர் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. ஒரே குழுவிலிருந்து இரண்டு விடைகள் வந்தும் அவர் ஏன் என்று கேட்கவில்லை. விடைக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் பிள்ளைகள் விடையைத்தான் தயாரிப்பார்கள். இருந்தாலும் நீங்களே அவரிடம் போய், "சார், எனக்கு ஏன் இப்படி வந்தது, இன்னொரு முறை செய்து பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள். மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வேண்டாம்.

சரி, ப்ராக்ஸிக்கு வருகிறேன். உங்களைப் பேச்சிழக்க வைத்த கேள்வி நியாயமான கேள்விதான். நானும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன்.

கல்லூரியில் நான் ஒரு நண்பனுக்கு ஒரு செமஸ்டர் முழுக்க ப்ராக்ஸி கொடுத்தேன். அன்று அதை நட்பு என்றே நம்பினேன். முதலில் வாரத்துக்கு ஒரு நாள், அப்புறம் தினமும். அவன் விடுதி அறையில் படுத்தே கிடந்தான். சாப்பிட வருவதும் குறைந்தது. சோம்பல் என்று நாங்கள் கிண்டல் செய்தோம். பதிவேட்டில் மட்டும் அவன் ஒரு நாள் தவறாமல் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தான். அதனால் எந்த ஆசிரியரும் அவனைக் கூப்பிட்டு என்ன ஆச்சு என்று விசாரிக்கவில்லை, வீட்டுக்கும் தகவல் போகவில்லை. தேர்வு எழுதாமலே ஊருக்குப் போய்விட்டான், திரும்பி வரவில்லை. அவன் எவ்வளவு மனம் உடைந்து கிடந்தான் என்பது வெகு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பதிவேட்டில் பத்து நாள் இடைவெளி விழுந்திருந்தால் யாராவது ஒருவர் அவன் கதவைத் தட்டியிருப்பார். அந்த இடைவெளியை என் குரலால் நிரப்பியவன் நான்.

உங்கள் 10.9-ஐ அவர்கள் அழித்ததும் இதுவும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன.

விதிகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எட்டுப் பக்கங்களையும் மனப்பாடம் செய்தால்கூட அந்த நொடியில் அவை கைகொடுக்குமா என்பது சந்தேகம்தான். 1973-ல் டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்கள் 40 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்கள் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை ஆற்ற வேண்டும். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமுவார். நின்று உதவுகிறார்களா என்பதுதான் சோதனை. நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர். சிலர் பேசப் போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய, பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதை! அதுவும் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவசரத்தில் இருந்தார்கள்.

நம் தவறுகளும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கின்றன. நாளைக் காலை ரெக்கார்ட் வைக்க வேண்டும், இன்று இரவு பன்னிரண்டு மணி. ஆசிரியர் பெயர் கூப்பிடுகிறார், யோசிக்க அரை நொடி. இணையத்தில் கிடைத்த கட்டுரையைத் தன் பெயரில் கொடுப்பது, செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கிக் கொடுப்பது, யாரையோ கேலி செய்யும் படத்தைக் குழுவில் தட்டிவிடுவது, எல்லாம் இந்த அரை நொடியில்தான். அதனால் முடிவை அந்த நொடிக்கு விட்டுவைக்காதீர்கள். ரெக்கார்டை அன்றன்றே எழுதிவிடுங்கள். இது சாதாரண யோசனையாகத் தோன்றும், ஆனால் பாதிப் பொய்களுக்கு அப்புறம் தேவையே இருக்காது. நண்பன் கேட்கும் முன்பே, வகுப்பு இல்லாத ஒரு சாயங்காலம், "இனி உனக்கு ப்ராக்ஸி கொடுக்க மாட்டேன், கொடுத்தது என் தப்பு" என்று சொல்லிவிடுங்கள். எல்லார் முன்னாலும் வேண்டாம், தனியாக.

கோபப்படுவான். படட்டும். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் வகுப்புக்கு வருவதில்லை என்று கேளுங்கள். சினிமாவுக்குப் போகிறான் என்றால் நல்லது. வேறு ஏதாவது என்றால் எழுந்து போய்விடாமல் முழுவதும் கேளுங்கள். ஒரு செமஸ்டர் முழுக்க நான் என் நண்பனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.